சாமுராய்னா நேரடியா என்ன அர்த்தம்?

கேள்வி: இத்தனை நாளா வாள் வீரன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன், ஆனா நேத்து ஒருத்தர் அந்த வார்த்தைல வாளும் இல்ல போரும் இல்லன்னு அடிச்சு சொல்றாரு. உண்மையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் 1: அவர் சொன்னது சரிதான். பழைய ஜப்பானிய மொழில 'சபுராவு'ன்னு ஒரு வினைச்சொல், பெரியவங்க பக்கத்துலயே இருந்து பணிவிடை செய்றதுன்னு அர்த்தம், அதுலேர்ந்து 'சபுராய்', அப்புறம் 'சாமுராய்'. மொதல்ல பிரபுக்கள் வீட்டு ஊழியர்களைத்தான் குறிச்சுது, போர் வீரன்ங்கிற அர்த்தம் பின்னாடி ஏறுனது. ஜப்பான்ல இந்தச் சொல்லை எழுதுற எழுத்தையே பாருங்க, இடது பக்கம் மனுஷன், வலது பக்கம் கோயிலைக் குறிக்கிற எழுத்து. உடனே கோயில் காவலாளின்னு கதை கட்டிடாதீங்க, அந்த வலது பாதி உச்சரிப்புக்காக வந்தது.

பதில் 2: போர் வீரன்னு நேரா சொல்ற சொல் 'புஷி'. புஷிடோன்னு சொல்ற வீரர் நெறில வர்ற அதே புஷிதான்.

பதில் 3: எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா நம்ம 'சேவகன்' அப்படியே இதே மாதிரி. ஊழியன்னும் அர்த்தம், வீரன்னும் அர்த்தம். பழைய தமிழ்ல சேவகம்னா வீரம்னே ஒரு பொருள் இருக்கு, அகராதிய எடுத்துப் பாருங்க.

கேட்டவர்: சேவகன் விஷயம் சுத்தமா தெரியாதுங்க, ரொம்ப நன்றி.