‘இன்டியூபேஷன்’: குழலில் குழாயா, மிடற்றில் செருகலா?

அன்புள்ள குழுவினருக்கு,

மயக்கவியல் மாணவர்களுக்கான கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூச்சுக்காகக் குழாய் செலுத்தும் முறைகளை ஒப்பிடும் இயலின் பழைய வரைவில் உறுப்புக்கும் கருவிக்கும் ஒரே பெயர் இருப்பதால், ‘மூச்சுக்குழாயில் மூச்சுக்குழாயைச் செலுத்துதல்’ என்றொரு வரி நிற்கிறது. உறுப்பைக் ‘குழல்’ என்றும் கருவியைக் ‘குழாய்’ என்றும் பிரித்து, செயலை, அதாவது ‘இன்டியூபேஷனை’, ‘குழாயேற்றம்’ எனலாமா?

—

ஐயா, குழலும் குழாயும் ஒரே வேரின, இப்பிரிவு செயற்கையானது. உந்தியில் எழும் வளி தலையிலும் மிடற்றிலும் (தொண்டையிலும்) நெஞ்சிலும் நிலைபெறும் என்கிறது தொல்காப்பியப் பிறப்பியல். கறைமிடற்றன் என்று இறைவனையே அழைத்த மொழியில் ‘மிடற்றுச் செருகல்’ என்பதற்கு என்ன குறை?

—

குறை உண்டு. மிடறு என்றதும் மாணவர் நினைவுக்கு வருவது ஒரு மிடறு தண்ணீர். அது இறங்குவதோ உணவுக்குழலில். குழாய் தவறி அங்கே போய்விடுவதுதான் இச்செயலில் மயக்கவியல் மருத்துவர்களாகிய நாங்கள் மிகவும் அஞ்சுவது. வெளிமூச்சில் கரியமில வாயு தொடர்ந்து வருகிறதா என்று அளப்பதும் அதனால்தான். பெயரே தவறான வழியைக் காட்டலாமா? பணியிடத்தில் ‘டியூப் போடுவது’ என்றே சொல்கிறோம். ஆகவே ‘குழாயிடல்’ போதும்.

முறைகள் பெரிதும் வேறுபடுவது பார்க்கும் வகையில்தான். குரல்வளையைப் பார்க்க வாய்வழி நுழைக்கும் கருவிக்கு (லாரிங்கோஸ்கோப்) மெக்கின்டாஷ் என்ற மயக்கவியல் மருத்துவர் 1943இல் அறிமுகப்படுத்திய வளைந்த அலகின் (தகட்டின்) நுனி, நாவடிக்கும் குரல்வளை மூடிக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் அமர்ந்து மூடியை மறைமுகமாக உயர்த்துகிறது. மில்லரின் நேர் அலகோ மூடியையே அடியிலிருந்து தூக்குகிறது. இரண்டிலும் மருத்துவரின் கண்ணுக்குக் குரல்நாண்கள் நேர்கோட்டில் தெரிய வேண்டும். நுனியருகே கேமரா உள்ள கருவியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அலகின் வளைவு கூடுதலாக இருந்தால், குரல்நாண்கள் திரையில் பளிச்சென்று தெரிந்தும் குழாய் அங்கே திரும்ப மறுப்பதுண்டு, அதற்காகவே உள்ளே கம்பி கொடுத்துக் குழாயை வளைத்துக்கொள்கிறோம். எனவே ‘நேர்நோக்கு’, ‘திரைநோக்கு’. விழித்திருப்பவருக்கும் பயன்படும், வளைந்து செல்லும் மெல்லிய பார்வைக்கருவிக்கு ‘நெகிழ்நோக்கு’.

—

‘நோக்கு’ என்றால் குறிக்கோள் என்றும் படுமே. ‘நேர்காணல்’ என்று வைக்காமல் விட்டீர்களே, அதுவரை நன்று! தவிர, இடுதல் என்பது கையெழுத்திடல்போல மேலே வைப்பது. உள்ளே செல்வது செருகல்தான்.

—

உறையிலிடுவதும் இடுதல்தானே, ஐயா?

—

அன்பர்களே, பெரும்பாலோர் விருப்பப்படி ‘மூச்சுக்குழல் குழாயிடல்’ என்றும், முறைகளுக்கு மூன்று ‘நோக்கு’களும் என்றும் அச்சுக்கு அனுப்புகிறேன். ‘மிடற்றுச் செருகலை’ முன்மொழிந்த ஐயா அதை இன்னும் விட்டுத்தரவில்லை. அடிக்குறிப்பிலாவது சேர்க்கச் சொல்கிறார், பக்கத்தில் இடமிருக்கிறதா என்று பார்க்கிறேன்.