ஆர்-22 கசிவு: வெளியேற்றக் கணக்கில் எத்தனை கிலோ எழுதணும்?

குளச்சல் யூனிட்:
மீன் பதப்படுத்தும் யூனிட். குளிரூட்டும் கேஸ் ஆர்-22, மெஷின்ல நிரப்பியிருக்கிற மொத்த சார்ஜ் 80 கிலோ. இந்த வருஷம் பில்படி 30 கிலோ கேஸ் வாங்கியாச்சு. சரக்கு வாங்குற பையர் வெளியேற்றக் கணக்கு கேக்கிறார். 30-ஐ அப்படியே எழுதலாமா? கசிவு எங்கேன்னு பிடிபடல. 404ஏ-ங்கிற வேற கேஸுக்கு மாறினா கணக்கு குறையுமா? 125 கேவிஏ ஜெனரேட்டர் புகைக்குழல் உயரம் எவ்வளவு?

கேஸ் மெக்கானிக்:
பில் மட்டும் போதாது சார். வருஷ ஆரம்பத்து ஸ்டாக்கோட வாங்கினதைக் கூட்டி, கடைசி ஸ்டாக்கையும் வெளியே திருப்பி அனுப்பினதையும் கழிக்கணும். ஸ்டாக்னா சிலிண்டரைத் தராசுல வச்சு காலி எடையைக் கழிச்சது, கண்ணளவு இல்ல. உதாரணமா 8 + 30 − 13 = 25 கிலோ. ஐபிசிசி (ஐ.நா. காலநிலை மாற்றக் குழு) நான்காம் அறிக்கைப்படி ஆர்-22-க்கு வெப்பமாக்கல் மதிப்பு (கார்பன் டை ஆக்சைடைப் போல எத்தனை மடங்குங்கிறது) 1810; 25 × 1810 = 45,250 கிலோ, அதாவது 45.25 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஐந்தாம் அறிக்கையில 1760. எது வேணும்னு பையர்கிட்ட கேட்டுக்கோங்க. ஆர்-22 ஓசோனைக் காக்கிற மான்ட்ரியல் ஒப்பந்தத்துல வர்ற கேஸ்ங்கிறதால ஸ்கோப் 1-ல (யூனிட்டோட நேரடி வெளியேற்றம்) சேர்க்காம தனியாக் காட்டணும், நிறைய பேர் இதைக் கோட்டை விடுறாங்க.

80-க்கு 25 போனா 31 சதவீதம். இது ஊசித்துளை இல்ல. கேஸ் போற இடத்துல ஆயிலும் கசியும். கடலோரத்துல உப்பும் தூசியும் அதுல ஒட்டிக் கறுப்புச் சேறா நிக்கும். டார்ச் அடிச்சு அதைத் தேடுங்க: ஃப்ளேர் நட், வால்வு கிளாண்டு, கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல், கிளாம்ப்ல பைப் உரசுற இடம். கேஸை ரிக்கவரி பண்ணி சிலிண்டர்ல பிடிச்சுட்டு நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை போடுங்க. ரெகுலேட்டர் கட்டாயம், ஆக்சிஜன் ஏத்தவே கூடாது, ஆயிலோட சேர்ந்தா வெடிக்கும். அடைச்சதும் 500 மைக்ரான் (வாக்குவம் கேஜ் அளவு) வரை வாக்குவம் போடுங்க. பம்பை நிறுத்தினப்புறம் கேஜ் கொஞ்சம் ஏறி நின்னா ஈரம், ஏறிக்கிட்டே இருந்தா கசிவு.

ஐஸ் பிளாண்ட்:
404ஏ வேண்டாம் அண்ணே. அதுக்கு 3922; அதே 25 கிலோ போனா 98 டன். கம்ப்ரசர்ல இருக்கிற மினரல் ஆயிலையும் மாத்தணும். கசிவை அடைக்காம கேஸை மாத்துறது வீண் செலவு. புது பிளாண்ட்னா அமோனியா, வெப்பமாக்கல் மதிப்பு 0. ஆனா காப்பர், பித்தளை ஆகாது. அமோனியா கசிவைத் தேட கந்தகக் குச்சியைக் கொளுத்திக் காட்டுங்க. வெள்ளைப் புகை வந்தா அங்கதான். தரையில திரவமா கொட்டியிருந்தா அது மேல தண்ணி அடிக்காதீங்க, இன்னும் வேகமாக் கொதிச்சு ஆவியாகும். ஆவி மேகத்துக்குத்தான் தண்ணித் திரை.

டீசல் புகை:
ஜெனரேட்டர் புகைக்குழல் உயரம் = கட்டட உயரம் + 0.2 × கேவிஏ-வின் வர்க்கமூலம். 125-க்கு 2.24 மீட்டர், கட்டடம் 6 மீட்டர்னா 8.24. லோடு ஏறும்போது கறுப்புப் புகை வந்தா முதல்ல ஏர் ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்டர் நாசில் பாருங்க.