சக அலுவலரே விதியை மீறினால் பி.ஓ. (வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்) என்ன செய்வது?

கேள்வி (முதல்முறை பி.ஓ.):
வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக முதல் ஆணை வந்திருக்கிறது. போன தேர்தலில் நான் பி2, அதாவது இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலர், விரலில் மை வைக்கும் வேலை. மதியத்துக்கு மேல் ஒருவர், கண் தெரியாத பாட்டிக்குத் துணையாக உள்ளே போனார். அரை மணி நேரத்தில் அதே ஆள் ஒரு தாத்தாவுடன் வந்தார். அப்புறம் இன்னொருவருடன். எங்கள் பி.ஓ. தலை நிமிரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று பேரும் நினைத்த சின்னத்தில்தான் வாக்கு விழுந்ததா? இன்றும் அது என்னை உறுத்துகிறது. இந்த முறை என் குழுவில் இருவர் என்னைவிட சீனியர். அவர்களை எப்படி விதிக்குள் நிறுத்துவது?

பதில் (நான்கு தேர்தல் பார்த்தவர்):
துணையாக வருபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். அன்று எந்தச் சாவடியிலும் வேறு யாருக்கும் துணை போகவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும். விவரத்தை, துணையோடு வாக்களிப்பவர்களின் பட்டியலான படிவம் 14ஏ-வில் எழுதுவது உங்கள் வேலை. முதல் ஆளையே எழுதிவிட்டால், அவர் மறுபடி வரும்போது பெயர் உங்கள் கண்முன்னே இருக்கும். சீனியர்களிடம் முந்தைய இரவே, பொருள்களைச் சரிபார்க்கும்போது, இந்த விதியைப் படித்துக் காட்டுங்கள். வாக்காளர் முன்னால் திருத்தினால் அவர்களுக்கு அவமானமாகிவிடும்.

வாக்குப்பதிவு தொடங்கும் முன் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவிலும் கவனம். குறைந்தது 50 வாக்கு போட்டு, முடிவை வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகளுக்குக் காட்டி, இயந்திரத்தை க்ளியர் செய்து, விவிபேட் (வாக்கைச் சீட்டில் அச்சிடும் இயந்திரம்) சீட்டுகளை வெளியே எடுக்க வேண்டும். "நேரமாச்சு சார், செஞ்சதா எழுதிக்கலாம்" என்பார்கள். விடாதீர்கள்.

பதில் (சட்டம் படித்தவன்):
கடமை தவறினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 134-ஆம் பிரிவில் அதிகபட்ச அபராதம் 500 ரூபாய்தான். அந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்கள்? என் கோபமே அதில்தான். ஆனால் 28ஏ பிரிவு வலுவானது. தேர்தல் அறிவிக்கை முதல் முடிவு அறிவிக்கும் வரை நீங்கள் எல்லோரும் தேர்தல் ஆணையத்தின் ஒழுங்குக் கட்டுப்பாட்டில் இருக்கிறீர்கள். எனவே புகாரை மண்டல அலுவலருக்குச் சொல்லுங்கள், நேரம் குறித்து பி.ஓ. டைரியில் எழுதுங்கள். 2024 சண்டிகர் மேயர் தேர்தலில் தலைமை அலுவலர் 8 வாக்குச்சீட்டுகளைச் செல்லாததாக்க அவற்றில் கோடு போட்டார். கேமராவில் பதிவாகியிருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த முடிவையே மாற்றியது.

கேட்டவர்:
28ஏ எனக்குத் தெரியாது, நன்றி. அடுத்த பயிற்சி வகுப்பில் சீனியர்கள் இருவரிடமும் 14ஏ-வைக் காட்டிப் பேசிவிடுகிறேன். உறுதிமொழித் தாள்கள் பொருள்களோடு எந்த உறையில் வரும்?