ஹெலி சத்தத்துக்கு மேசைக்கடியில் ஒளியும் மாணவன்: என்ன செய்யலாம்?

வன்னி ரீச்சர் (கிளிநொச்சி, 2011):
தரம் 7 வகுப்பாசிரியை நான். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பிய பிள்ளைகள்தான் அதிகம். ஹெலி (ஹெலிகொப்டர்) பறந்தால் ஒருவன் மேசைக்கடியில் போய்விடுகிறான். ஒரு பிள்ளை வாயே திறப்பதில்லை. 2009இல் போரின் கடைசியில் நடந்ததைக் கட்டுரையாக எழுதச் சொன்னால் பாரம் குறையுமா?

பழைய வாத்தியார் (வவுனியா):
வேண்டாம் தங்கச்சி. எழுதிவிட்டு இரவில் அந்தப் பிள்ளை அழுதால் பக்கத்தில் யார் இருப்பார்? தானாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். இப்போதைக்கு நேரசூசி மாறாமல் இருக்கட்டும். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிவதே இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய ஆறுதல். ஹெலி வந்தால் நீங்கள் பதறாமல், "ஹெலிதான், போய்விடும்" என்று சொல்லி, காலை நிலத்தில் ஊன்றி மெதுவாக மூச்சு விடச் செய்யுங்கள். இடாப்புக்காக (வகுப்புப் பதிவேடு) "அப்பா என்ன வேலை?" என்று வகுப்பில் சத்தமாகக் கேட்கவே கேட்காதீர்கள். எத்தனை பேருக்கு அப்பா இல்லை, எத்தனை பேருக்கு எங்கே என்றே தெரியாது! அப்புறம், விளையாட்டுப் போட்டியில் ஓட்டம் தொடங்க வெடி வைப்பார்களே, அதை நிறுத்தி விசில் ஊதச் சொல்லுங்கள். அதிபர் முணுமுணுப்பார், பரவாயில்லை.

யாழ் தாதி:
பேசாத பிள்ளை சாப்பாடு, தூக்கம் இரண்டும் இல்லாமல் மெலிந்தால், அல்லது சாக வேண்டும் என்று சொன்னால், தாமதிக்காமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அது ஆசிரியர் தனியாகச் சுமக்கிற வேலை இல்லை.

வன்னி ரீச்சர்:
நன்றி சேர். கட்டுரையை விட்டுவிட்டேன். விசிலுக்கு அதிபர் சம்மதித்துவிட்டார், முணுமுணுத்தபடிதான்.