கோத்தகிரியில் முட்டை 8 ரூபாய்: ரேஷனில் கொடுக்கலாமா, கூடாதா?

இலைக்காரி, கோத்தகிரி:

நேற்று சாயங்காலம் ஆறு முட்டை வாங்கினேன், 48 ரூபாய். நவம்பரில் நாமக்கல் பண்ணை விலை 6 ரூபாயைத் தாண்டியதிலிருந்து இங்கே விலை இறங்கவே இல்லை. ஆனால் நான் ரூபாயில் கணக்குப் பார்ப்பதில்லை, இலையில் பார்க்கிறேன். எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை. போன மாதம் பச்சைத் தேயிலைக்குக் கிலோ 22 ரூபாய் கையில் வந்தது. ஒரு கிலோ இலை எடுத்துக் கொடுத்தால் மூன்று முட்டைகூட வராது.

இதில் இன்னொரு கொடுமை காலம். முட்டை விலை ஏறுவது கார்த்திகை, மார்கழி, தை. வடநாட்டில் குளிர், கிறிஸ்துமஸ் கேக் என்று தேவை கூடுகிறது. அதே மூன்று மாதம்தான் எங்கள் செடியில் இலை இருக்காது. பனி விழுந்தால் பள்ளத்துச் செடி கருகிப்போகும். மழைக்காலத்தில் நூறு கிலோ எடுத்த தோட்டத்தில் இப்போது முப்பது தேறினால் பெரிது. வரும்படி அடியில் இருக்கும்போது விலை உச்சியில் நிற்கிறது.

ரேஷனில் அரிசி 2011 முதல் இலவசம். துவரம் பருப்பு 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். அதோடு மாதம் 12 முட்டை, ஒன்று 6 ரூபாய் என்று மலை மாவட்டத்துக்காவது கொடுக்க வேண்டும். இதை எதிர்ப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மலைக்கடை:

நான் எதிர்க்கிறேன். ஹட்டிக்கு (படுகர் ஊர்) கீழே பதினேழு வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன். என் கணக்கையும் கேளுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் 30 முட்டை அட்டை எனக்கு 201 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மேலே கொண்டுவர வண்டிக்கு அட்டைக்கு 8 ரூபாய். வளைவுகளில் ஏறி வருவதற்குள் ஒன்றாவது உடையும். மிச்சம் 29 முட்டையை 8 ரூபாய்க்கு விற்றால் 232. அட்டைக்கு 23 ரூபாய் நிற்கிறது. அதிலும் பாதி முட்டை கடன் நோட்டில் போகிறது. ரேஷன் கடை உங்களுக்குப் பனிக்காலத்தில் கடன் தராது, நான் தருகிறேன். ஏப்ரலில் இலை வந்ததும் வாங்கிக்கொள்கிறேன். முட்டை, பருப்பு, எண்ணெய் மூன்றும் ரேஷனுக்குப் போய்விட்டால் என் கடையில் சோப்பும் தீப்பெட்டியும்தான் மிஞ்சும். அப்புறம் மார்கழியில் யாரிடம் நோட்டில் எழுதச் சொல்வீர்கள்?

கேத்தி விவசாயி:

அண்ணா சொல்வது சரி. ஆனால் நான் வேறு காரணத்துக்காக எதிர்க்கிறேன். மானியத்தில் முட்டை கொடுத்தால் இலை விலையைப் பற்றிய பேச்சே அடங்கிவிடும். சிறு தேயிலை விவசாயிகள் 2023-ல் உண்ணாவிரதம் உட்கார்ந்து ஆதார விலை கேட்டார்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ இலையில்தான் ஒரு கிலோ தூள் ஆகிறது. அந்தத் தூள் குன்னூர் ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறதோ அதை வைத்துத்தான் இலைக்கு விலை சொல்கிறார்கள். அங்கே விலை சரிந்தால் நமக்கும் சரியும். உரம் விலை, ஆள் கூலி எதுவும் அந்தக் கணக்கில் வராது.

கேரட்டிலும் இதே கதைதான். என் கேரட் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. அங்கே விலை வைத்து, அதே கேரட் திரும்ப மலையேறி ஊட்டிக் கடைக்கு வருகிறது. நமக்கு நியாயமான விலை கொடுத்துவிட்டு முட்டை 10 ரூபாய்க்கு விற்கட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னொன்று, நம் அப்பா காலத்தில் வீட்டுக்கு நாலு கோழி இருந்தது. இப்போது ஏன் இல்லை?

இலைக்காரி, கோத்தகிரி:

கோழி ஏன் இல்லை என்று கேட்கிறீர்களே, கேத்தி அண்ணா. என்னிடம் ஒன்பது இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரே ராத்திரியில் ஐந்தைச் சிறுத்தை கொண்டுபோனது, மிச்சத்தைக் கீரி முடித்தது. கூண்டுக்கு இரும்பு வலை அடித்தால் செலவு முட்டையில் திரும்பி வர வருடக்கணக்கில் ஆகும். நாட்டுக்கோழி வருடத்துக்கு எத்தனை முட்டை வைக்கும்? அடை உட்கார்ந்தால் அந்தக் காலமும் போச்சு.

இலைக்கு நியாய விலை வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது வரும்வரை என் மகன் என்ன சாப்பிடுவான்? அவனுக்கு ஏழு வயது.

பண்ணைக்காரன், ராசிபுரம்:

மனைவி ஊர் குன்னூர் என்பதால் இந்தப் பக்கம் அடிக்கடி வருகிறேன், அதனால் எழுதுகிறேன். முட்டை விலை ஏறினால் பண்ணைக்காரன் கொள்ளையடிக்கிறான் என்ற நினைப்பு எல்லோருக்கும் வருகிறது. அது சரியில்லை.

ஒரு கோழி நாளைக்கு 100 முதல் 110 கிராம் தீவனம் தின்கிறது. முட்டைச் செலவில் முக்கால் பங்குக்குக் கிட்ட தீவனம்தான். தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம், அப்புறம் சோயாப் புண்ணாக்கு. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க வேண்டும் என்று வந்த பிறகு மக்காச்சோளம் சாராய ஆலைப் பக்கம் போகிறது. 2024-ல் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டர் 71 ரூபாய் 86 காசு கொடுத்தார்கள். அந்த விலை கொடுக்கிற ஆலையோடு கோழிப் பண்ணை போட்டி போட முடியுமா?

நீங்கள் பேப்பரில் பார்ப்பது முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் பரிந்துரை விலை. அந்த விலைக்கே வியாபாரி எடுப்பதில்லை. ‘மைனஸ்’ என்று ஒன்று உண்டு, குழு விலையிலிருந்து காசு கழித்துத்தான் எடுப்பார். புரட்டாசியில் விலை விழும். 2020 மார்ச்சில் கொரோனா வதந்தி வந்தபோது முட்டையை வாங்க ஆளில்லை. அன்றைக்கு எங்களுக்கு யாரும் மானியம் தரவில்லை. நாலு மாதம் நல்ல விலை கிடைத்தால்தான் எட்டு மாத நஷ்டத்தைச் சரிக்கட்ட முடியும்.

அமெரிக்காவில் பறவைக் காய்ச்சலால் 2025 மார்ச்சில் ஒரு டஜன் 6 டாலரைத் தாண்டியது. ஒரு முட்டை 40 ரூபாய்க்கு மேல். நாம் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

இலைக்காரி, கோத்தகிரி:

பண்ணை அண்ணா, உங்கள் தீவனக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், உண்மையிலேயே எனக்குத் தெரியாதது. ஆனால் அமெரிக்காவை இங்கே கொண்டுவராதீர்கள். அவர்கள் டாலரில் சம்பாதிக்கிறார்கள், நான் கிலோவில் சம்பாதிக்கிறேன். நன்றாக இலை இருக்கும் நாளில் இருபத்தைந்து கிலோ எடுத்தால் என் இடுப்பு ஒடிந்துபோகும்.

மலைக்கடை:

மளிகை முழுக்கப் பேச வேண்டும், முட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 ஆனது. நானும் புது விலைக்குத்தான் விற்கிறேன். முட்டைக்கு வரியே கிடையாது, அதனால் குறைக்கவும் ஒன்றுமில்லை. எண்ணெய் என்ன ஆனது? 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சூரியகாந்திக்கு இறக்குமதி வரி கூட்டினார்கள், மறுநாளே மொத்தக் கடையில் விலை ஏறியது. 2025 மே கடைசியில் அடிப்படை வரியை 20-லிருந்து 10 ஆக்கினார்கள். அது என் கடைக்கு வந்து சேர எவ்வளவு நாள் ஆனது என்று என் பில்களைக் காட்டுகிறேன். ஏறும்போது லாரியோடு வருகிறது, இறங்கும்போது நடந்து வருகிறது.

குன்னூர் டீச்சர்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ரேஷன் முட்டைக்கு நான் ஆதரவு, ஆனால் உணர்ச்சியில் சொல்லவில்லை, கணக்கு போட்டுப் பார்த்தேன்.

2011 கணக்கெடுப்பில் நீலகிரி மக்கள் தொகை 7.35 லட்சம். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 1.8 லட்சம் குடும்பம். மாதம் 12 என்றால் ஏறக்குறைய 22 லட்சம் முட்டை. நாமக்கல் ஒரு நாளைக்கு ஐந்து கோடிக்குக் குறையாமல் உற்பத்தி செய்கிறது. அதில் இருபதில் ஒரு பங்குகூட நமக்கு ஒரு மாதத்துக்கு வேண்டாம். முட்டைக்கு 2 ரூபாய் மானியம் என்றால் மாதம் 44 லட்சம் ரூபாய். பனி மூன்று மாதத்துக்கு மட்டும் கொடுத்தால் 1.32 கோடி. ஒரு மாவட்டக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களின் உணவுக்கு இதைக் கொடுக்கத் தயங்கினால் வேறு எதற்குக் கொடுக்கப் போகிறோம்?

சத்துணவில் 2010 முதல் வாரம் ஐந்து நாளும் முட்டை. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கிறவள் நான். வெள்ளிக்குப் பிறகு அவர்கள் முட்டையைப் பார்ப்பது திங்கள்தான். அரையாண்டு விடுமுறையில் அதுவும் இல்லை. அந்த விடுமுறை விழுவது சரியாக இந்த மார்கழியில்.

மலைக்கடை:

டீச்சரம்மா, கணக்கு நன்றாக இருக்கிறது. கொண்டுவந்து எங்கே வைப்பார்கள்? எங்கள் ஊர் ரேஷன் பகுதி நேரக் கடை, வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். பாமாயில் வாசனைக்குக் கரடி வந்து கதவை உடைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். முட்டை வைத்தால் என்ன ஆகும்? அட்டையைக் கீழே போட்டு உடைத்துவிட்டு ‘வழியில் உடைந்தது’ என்று எழுதினால் யார் கேட்பார்கள்?

குன்னூர் டீச்சர்:

ரேஷன் கடைக்குப் போகவே வேண்டாம் என்கிறேன். சத்துணவு மையத்துக்கும் அங்கன்வாடிக்கும் முட்டை வண்டி ஏற்கெனவே ஒவ்வொரு ஹட்டிக்கும், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு லைனுக்கும் வருகிறது. மழை நாளில்கூட வந்தது. அதே வண்டியில் இன்னும் நாலு அட்டை ஏற்றினால் போதும். மகளிர் குழுவோ, அண்ணனைப் போன்ற கடைக்காரரோ வாங்கி, ரேஷன் கார்டைப் பார்த்துக் கொடுக்கலாம். கடைக்காரருக்கு அட்டைக்கு இவ்வளவு என்று கமிஷன். உங்கள் 23 ரூபாய் எங்கும் போகாது, கடன் நோட்டும் தேவையில்லை.

கேத்தி விவசாயி:

இதை யோசிக்கலாம். ஆனால் மூன்று மாதம் என்று எழுதி வையுங்கள். வருடம் முழுக்க என்றால் நான் மறுபடி எதிர்ப்பேன், இலை விலையை மறந்துவிடுவார்கள்.

பண்ணைக்காரன், ராசிபுரம்:

எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. டெண்டர் விலையை வருடத்துக்கு ஒருமுறை கட்டிவைத்தால் தீவனம் ஏறும்போது பண்ணை அடிவாங்கும். மாதா மாதம் குழு விலையோடு சேர்த்து மாற்றினால் நான் ஆதரவு.

மலைக்கடை:

கமிஷன் என்றால் பேசலாம். எழுத்தில் வரட்டும், அதற்கு முன் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாய் வார்த்தையில் ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

இலைக்காரி, கோத்தகிரி:

கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று டீச்சர் போன வருடம் என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். கீழ்நாட்டில் வேகிற நேரத்தில் இங்கே முட்டையும் பருப்பும் வேகாது, கேஸ் கூடுதலாகப் போகிறது. 2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு 50 ரூபாய் கூட்டினார்கள். இதையெல்லாம் கலெக்டருக்கு மனுவாகக் கொடுப்போம். அதில் இதையும் சேர்க்க வேண்டும், மலைக்கென்று தனியாக ஏன் கேட்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

டீச்சர் மனுவை எழுதுங்கள். கடை அண்ணா, உங்கள் பில்கள் வேண்டும், எண்ணெய் பில்லும் சேர்த்து. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். ஊட்டிக்குக் காலை ஆறரை பஸ்ஸில் நான் போகிறேன். கூட வருகிறவர்கள் ஞாயிறுக்குள் சொல்லுங்கள்.

மலைக்கடை:

பில் தருகிறேன். நானும் வருகிறேன், கமிஷன் விஷயத்தை நானே பேசிக்கொள்கிறேன்.