முதியோர் இல்லத்து அறிவிப்புப் பலகையை யாரும் பார்ப்பதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: இல்லப் பராமரிப்பாளர், காவேரிப்பட்டணம் பக்கம்

வணக்கம். எங்கள் இல்லத்தில் அலுவலக அறைக்கு வெளியே கண்ணாடிக் கதவு போட்ட பலகை ஒன்று இருக்கிறது. உள்ளே விதிமுறைகள், சாப்பாட்டுப் பட்டியல், டாக்டர் வரும் நாள், நன்கொடை கொடுத்தவர்களின் படங்கள். எல்லாம் ஏ4 தாளில் அச்செடுத்தவை. ஆனாலும் காலையில் எழுந்ததும் "இன்னைக்கு என்ன கிழமை", "டாக்டர் எப்ப வருவாரு" என்று எங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்பது பரவாயில்லை. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்களே, அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. சிலருக்கு மறதி நோய். பெரிய செலவு செய்ய வழியில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி

தம்பி, முதலில் ஒரு சக்கர நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து அந்தப் பலகையைப் பாருங்கள். நின்றபடி படிக்கிற உயரத்தில் மாட்டியிருந்தால் உட்கார்ந்தவருக்குக் கண்ணாடியில் ட்யூப்லைட் மட்டும்தான் தெரியும். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தால் நிற்பவர், உட்காருபவர் இருவருக்கும் சரிப்படும்.

அப்புறம் இடம். அலுவலகம் பக்கம் பெரியவர்கள் எதற்காக வரப்போகிறார்கள்? வருவது பார்வையாளர்களும் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும்தான். விதிமுறையும் நன்கொடையாளர் படமும் அங்கேயே இருக்கட்டும். பெரியவர்களுக்கென்று தனிப் பலகை, சாப்பாட்டுக்கூடத்தில் கை கழுவக் காத்து நிற்கிற இடத்தில் வையுங்கள்.

பதில்: கண் மருத்துவ உதவியாளர், கிருஷ்ணகிரி

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சள் பூக்கும். நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் மங்கும், இளம் நிறங்கள் வெள்ளைத் தாளோடு கலந்துவிடும். பூப்போட்ட பின்னணி, ரோஸ் எழுத்து எல்லாம் நமக்கு அழகு, அவர்களுக்கு வெறும் தாள். வெள்ளையில் கறுப்பு, அல்லது வெளிர் மஞ்சளில் கறுப்பு போதும்.

தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ரொம்பத் தடித்த எழுத்துருவில் ண, ள, ழ எல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே கட்டியாகத் தெரியும். நடுத்தரத் தடிப்பில், முக்கிய வரி ஒரு அங்குல உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பட்டை மார்க்கரில் கையால் எழுதினாலே அச்சைவிட நன்றாக வரும். லேமினேஷன் வேண்டாம், பளபளப்பு கண்ணைக் கூசும்.

கேட்டவர்

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன் அக்கா, ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. நீங்கள் சொன்ன இடத்திலேயே புதுப் பலகைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். கிழமை, டிபன், டாக்டர் நேரம் மூன்றும் எழுதலாம். வேறு என்ன போட்டால் நின்று பார்ப்பார்கள்?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு

அவர்களே தினமும் விசாரிக்கிற விஷயத்தைப் போடுங்கள். என் பெரியப்பா இருந்த இல்லத்தில் யாரோ ஒருநாள் சாக்பீஸில் "கே.ஆர்.பி. அணை நீர்மட்டம்" என்று, அதாவது கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் எவ்வளவு என்று, எழுதி வைத்தார். முழு உயரம் 52 அடி, இன்றைக்கு எத்தனை என்று செய்தித்தாளைப் பார்த்து எழுதுவார். அவ்வளவுதான், விவசாயம் பார்த்த ஆட்கள் காபி குடிப்பதற்கு முன்னால் பலகைக்கு வந்துவிடுவார்கள். ஆடிப்பெருக்கு நெருங்கினால் ஒகேனக்கல் நீர்வரத்து எத்தனை கன அடி, மேட்டூர் 120 அடியைத் தொடுமா என்று வாக்குவாதமே நடக்கும். பக்கத்திலேயே பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை, மாம்பழ சீசனில் மாங்காய் விலை. சத்துணவுக் குறிப்பும் பொன்மொழியும் ஒட்டியிருந்த பழைய பலகை முன்னால் ஒருவர் நின்று நான் பார்த்ததில்லை.

எழுதுகிற வேலையையும் அவர்களிடமே கொடுங்கள். தினசரி காலண்டர் கிழிப்பதற்கு ஒரு தாத்தா, நீர்மட்டம் எழுத ஒருவர், டிபன் படம் மாற்ற ஒரு பாட்டி. கை நடுங்கினாலும் பரவாயில்லை. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: நேற்றைய தேதி இன்றைக்குத் தொங்கக் கூடாது. ஒருமுறை தப்பாக இருந்தால் அப்புறம் யாரும் அதை நம்ப மாட்டார்கள். மறதி உள்ளவர்களை அது இன்னும் குழப்பும்.

பதில்: செவிலியர், தருமபுரி

மறதி உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு சின்னப் பலகை நல்லது. கிழமை, காலையா மாலையா, அடுத்து என்ன வேளை, இவ்வளவு போதும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அதுவே உதவும், கூடவே படம் இருந்தால். உங்கள் சமையலறை இட்லியையும் களியையுமே போனில் படம் எடுத்து வையுங்கள். இணையத்தில் எடுத்த ஓட்டல் படம் வேண்டாம், தட்டில் வருவது வேறாக இருந்தால் ஏமாந்து போவார்கள். இன்று எந்தப் பணியாளர் என்பதற்கும் முகப்படம். தெலுங்கு, கன்னடம் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் முக்கிய வரியை அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். காலையில் ஒருமுறை யாராவது சத்தமாகப் படித்துக் காட்டவும் வேண்டும்.

போடக் கூடாதது: யாருக்குச் சர்க்கரை, யாருக்கு என்ன மருந்து, யார் பணம் கட்டவில்லை. ஒருவர் படத்தை ஒட்டுவதற்கு முன் அவரைக் கேளுங்கள். பலர் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று சும்மா போட்டிருக்கும், அதை வைத்துப் பிறந்தநாள் வாழ்த்து எழுதினால் அவர்களுக்கே சிரிப்பு வரும். அதற்குப் பதில் மாவட்ட வரைபடத்தில் ஒவ்வொருவர் ஊரையும் குறியுங்கள். "நீ அரூரா? நான் தீர்த்தமலை" என்று பேச்சு தானாக வரும்.

இறந்தவர் படத்தை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிடாதீர்கள். பூ வைத்து, காரியம் முடியும் வரை இருக்கட்டும். நாளைக்கு நம்மையும் இப்படித்தான் துடைத்துவிடுவார்களோ என்ற பயம் மற்றவர்களுக்கு வரக் கூடாது.

கேட்டவர்

இதை நான் யோசித்ததே இல்லை அக்கா, ரொம்ப நன்றி. முதியோர் உதவி எண் 14567ஐயும் பெரிதாக எழுதச் சொல்லியிருக்கிறேன். எங்களைப் பற்றியே புகார் சொல்ல வேண்டியிருந்தாலும் அந்த எண் அவர்கள் கண்ணில் பட வேண்டும். ஒரு சந்தேகம்: ஒட்டுவதற்குக் குண்டூசியா, காந்தமா?

பதில்: கண் மருத்துவ உதவியாளர், கிருஷ்ணகிரி

இரண்டும் வேண்டாம். குண்டூசி காலில் குத்தும், சின்னக் காந்தங்களை மறதியில் யாராவது விழுங்கினால் குடலுக்கே ஆபத்து. தையல் கடையில் வெல்க்ரோ மீட்டர் கணக்கில் கிடைக்கும். மூட்டு வலி உள்ள விரலுக்கும் எடுத்து ஒட்ட அதுதான் சுலபம்.