ஒபியோங்கோ ஏரிக்கு வள்ளத்தில: 4 பேர், 3 இரவு

செங்காந்தள்:
ஜூலைக் கடைசியில கனடாவில இருக்கிற அல்கொன்குயின் பூங்காவுக்குப் போறம். வாடகைக்கு 2 வள்ளம். காலமை 9 மணிக்கு ரொறன்ரோவில வெளிக்கிட்டு, மத்தியானம் 1 மணிபோல வள்ளம் இறக்கி, அண்டைக்கே ஒபியோங்கோ ஏரியின்ர வடக்குக் கிளையான நோர்த் ஆமில கூடாரம் அடிக்கிற யோசனை. வள்ளம் வலிச்சுப் பழக்கம் ரெண்டு பேருக்குத்தான். சரிவருமோ?

கரைவலை:
1 மணி எண்டதுதான் பிழை. பூங்காவிலேயே பெரிய ஏரி அது. விடியக் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். வெயில் ஏறக் காத்து எழும்பினால் நடுவில வெள்ளை நுரை தள்ளும். திறந்த வள்ளத்துக்குள்ள அலை ஏறத் தொடங்கினால் இறைச்சு மாளாது. ஒண்டில் முதல் நாள் கிட்டத்தில தங்கி, அடுத்த நாள் 6 மணிக்கு இறங்கிக் கரையோரமாப் போங்கோ. இல்லாட்டி மோட்டர்ப் படகுக்கு முன்பதிவு செய்யுங்கோ, வள்ளத்தையும் மேல ஏத்திக் கொண்டுபோய் விடுவாங்கள்.

என்னைக் கேட்டால் ஏரியையே மாத்துவன். கனோ லேக்கில இறங்கி ஜோ லேக் வழியா ரொம் தொம்சன் லேக். போர்ட்டேஜ், அதாவது ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில வள்ளத்தையும் சாமானையும் தூக்கி நடக்கிற பாதை, 295 மீட்டரில ஒண்டுதான். ஆனா சாமானை ரெண்டு தரமாக் கொண்டுபோனால் போக, வர, திரும்பப் போக எண்டு 885 மீட்டர் நடை. அதால ஆளுக்கொரு பை, கையில ஒண்டும் தொங்கக் கூடாது.

வள்ளம் கெவ்லார் எண்ட பாரம் குறைஞ்ச நாரில செய்ததா எடுங்கோ, 20 கிலோ மட்டில வரும். கல்லில இழுத்தால் கிழியும்: முழங்கால் தண்ணியில நிண்டு, மிதக்கவிட்டு ஏறுங்கோ. எதிர்க்காத்தெண்டால் பாரமான பையை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளுங்கோ. அணியம், அதாவது வள்ளத்தின்ர முன்பக்கம், எழும்பி நிண்டால் காத்து அதைப் பிடிச்சுத் திருப்பிப் போடும். பின்காத்தெண்டால் பாரம் பின்னுக்கு. அலை கூடினால் முழந்தாளில இருங்கோ.

தூக்கணாங்குருவி:
கூடாரம் போட்டுத் தங்குறதுக்கான முன்பதிவு 5 மாதத்துக்கு முன்னாடியே திறந்துடும். நீங்க பதிவு பண்றது ஏரியை மட்டும்தான். எந்த இடம்ங்கறது முதல்ல போறவங்களுக்கு. ஆரஞ்சு பலகை இருந்தா கூடார இடம், மஞ்சள் பலகை போர்ட்டேஜ். வார இறுதில மதியத்துக்குள்ள போய்ச் சேருங்க.

வாடகைக் கடையில சாமானை எண்ணி வாங்குங்க: ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், வள்ளத்துக்கொரு விசில், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணி இறைக்க ஒரு டப்பா. ஏரித் தண்ணியை ஃபில்டர் பண்ணுங்க, இல்லேன்னா நல்லா கொதி வந்தப்புறம் 1 நிமிஷம் விடுங்க.

செங்காந்தள்:
அப்ப ரொம் தொம்சன்தான். சாப்பாட்டுக்கு மீன் ரின், சோடா கொண்டு போகலாமோ?

கரைவலை:
ஏலாது. உள்காட்டுக்குள்ள தகரப் பேணியும் கண்ணாடிப் போத்தலும் தடை. பருப்பு, அரிசி, நெத்தலிக் கருவாடு, வறுத்த மா எண்டு நேரத்துக்கு ஒரு சிப்லொக் பை கட்டுங்கோ.

கருவாட்டு மணம் கரடிக்கும் பிடிக்கும். சாப்பாடு, குப்பை, பற்பசை, சவர்க்காரம் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு, நிலத்தில இருந்து 4 மீட்டர் உயரத்தில, அடிமரத்தில இருந்து 2 மீட்டராவது தள்ளித் தொங்கவிட வேணும். 20 மீட்டர் கயிறு கொண்டு போங்கோ. நுனியில கல்லை வெறுமனக் கட்டினால் வழுக்கி விழும். ஒரு காலுறைக்குள்ள போட்டுக் கட்டி, மரக்கொப்புக்கு மேலால எறியுங்கோ. இருட்டினாப் பிறகு கொப்புத் தெரியாது, சமைக்க முதலே கயிறைப் போட்டு வையுங்கோ.